வண்டி சொந்தம், சத்தம் சொந்தமன்று

மோட்டார் சைக்கிளின் புகையையும் சத்தத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள், நடுத்தரக் குடும்பத்து இளைஞனை வழிமறித்து அபராதம் வாங்குவதற்காகவே இருக்கின்றன என்ற கருத்து, புதுச்சேரி நகரத்திலும் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் கிராமங்களிலும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையைப் போல நிலைபெற்றுவிட்டது. மெக்கானிக் ஷெட்டிலும் டீக்கடையிலும் மட்டும் உலவும் பேச்சாக இது நின்றிருந்தால் மறுப்பு எழுதத் தேவை இருந்திராது. படித்தவர்களும், வண்டி வாங்கிக் கொடுத்த பெற்றோரும்கூட இதையே ஒப்புக்கொண்டு பேசுவதால்தான், இக்கருத்து எந்தெந்தக் கால்களில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்க்கருத்தை அதை நம்புவோர் சொல்லும் முழு வலுவோடு முன்வைப்பதே முறை. வண்டி தவணை கட்டி வாங்கிய சொந்தச் சொத்து; அதில் எந்த சைலன்சரை மாட்டுவது என்பது எந்தச் சட்டையைப் போடுவது என்பதைப் போன்ற விருப்பம். அந்த சைலன்சர் கடையில் வெளிப்படையாக விற்கப்படுகிறது. விற்பவரைத் தொடாத சட்டம் மாட்டியவரை மட்டும் பிடிப்பது நியாயமன்று. புகைச் சான்று கையில் இருக்கிறது. அரசு அங்கீகரித்த நிலையமே சரி என்று எழுதிக் கொடுத்த வண்டியைத் தெருவில் நிறுத்திக் குறை காண யாருக்கும் உரிமையில்லை. சத்தம் இருந்தால்தான் லாரியும் காரும் விலகும். ஆகவே அது உயிர் காக்கும் சத்தம். ஒலிபெருக்கியையும் ஏர் ஹாரனையும் விட்டுவிட்டு பைக்கைப் பிடிப்பது எளியவனைப் பிடிப்பதே. அதிலும் பூரணாங்குப்பம் போன்ற ஊரில், தென்னந்தோப்பும் கடற்கரையுமாகக் கிடக்கும் சாலையில், ஒரு வண்டி சத்தமாகப் போவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

இவற்றுள் ஒன்றிரண்டில் உண்மையின் கூறு இருக்கிறது. அது வருமிடத்தில் ஒப்புக்கொள்ளப்படும். ஆயினும் பொதுக்கருத்தின் பெரும்பகுதி விதியைப் படிக்காததிலிருந்து பிறந்தது என்பதால், விதி சொல்வதை முதலில் காண வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் இரைச்சலை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்றும், வாகனம் வரையறுக்கப்பட்ட ஒலி அளவுக்குள் அடங்கும்படி கட்டப்பட்டும் பராமரிக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த அளவுகள் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் உள்ளன. இருசக்கர வாகனத்தைப் பொறுத்தவரை 80 சி.சி. வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபல். சோதனைத் தளத்தில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வண்டி கடந்து செல்லும்போது, அதன் பாதையிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைக்கப்பட்ட ஒலிவாங்கியில் பதிவாகும் அளவு இது. ஆக, வண்டி எழுப்பக்கூடிய பெருஞ்சத்தத்துக்கு விதித்த எல்லையே 80. விதியின் இரண்டு சொற்களும் கவனிக்கத் தக்கவை: ‘கட்டப்பட்டும்’ என்பது தயாரிப்பாளரைக் கட்டுகிறது, ‘பராமரிக்கப்பட்டும்’ என்பது வண்டி ஷோரூமை விட்டு இறங்கிய நாள் முதல் உரிமையாளரைக் கட்டுகிறது.

1. சொந்தச் சொத்து என்ற வாதம் எதுவரை செல்லும்? வண்டியின் இரும்பும் டயரும் பெட்ரோல் டேங்கும் உரிமையாளருக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சைலன்சரின் வாயை விட்டு வெளியேறிய கணத்தில் சத்தம் அவருடைய எல்லைக்குள் நிற்பதில்லை. அது அடுத்தவர் வீட்டுக் கூடத்துக்குள்ளும் தொட்டிலுக்குள்ளும் நுழைகிறது. சட்டை உவமை இங்கேதான் உடைகிறது. பிடிக்காத சட்டையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதுக்கு அப்படித் திருப்பிக்கொள்ள வழியில்லை. 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத்தான் அரசமைப்பின் மொழியில் கூறியது: பேச்சுரிமையைக் காட்டி, கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அமைதியாக வாழ்வது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. அதற்கு ஐந்தாண்டு முன், 2000-இல், சென்னையைச் சேர்ந்த ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், வழிபாட்டு உரிமைகூட அண்டை வீட்டாரின் அமைதியைக் கெடுக்கும் உரிமையாகாது என்று அதே நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. வழிபாட்டுக்கே இல்லாத சலுகை சைலன்சருக்கு எங்கிருந்து வரும்?

சட்ட நுணுக்கம் பேசுவோர் இங்கே ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, ஆர்.சி. புக்கில் சைலன்சர் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது அதை மாற்றுவது எப்படி மாறுதலாகும் என்பது அவர்கள் கேள்வி. கெட்டிக்காரத்தனமான கேள்விதான், ஆனால் நிற்காது. 2019 ஜனவரியில் கேரள வட்டாரப் போக்குவரத்து அலுவலர் தொடர்ந்த மேல்முறையீட்டில், தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒதுக்கி வைத்தாலும் 120-ஆவது விதி 52-ஆம் பிரிவின் தோளில் ஏறி நிற்கவில்லை, ஆர்.சி. புக்கில் எது எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒலி அளவுக்குள் வண்டியைப் பராமரிக்கும் கடமை தனியே நிற்கிறது.

2. சைலன்சரை மாற்றுவது சத்தத்தை மட்டும் மாற்றுவதாகவே பலர் நம்புகிறார்கள். ஒரு கம்பெனி சைலன்சரை நீளவாக்கில் அறுத்துத் திறந்தால் இந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது கண்ணுக்கே தெரியும். வெளியிலிருந்து ஒரே உருளையாகத் தெரியும் அதனுள், தகடுகளால் தடுக்கப்பட்ட அறைகளும், அறைகளைக் கோக்கும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. எஞ்சினின் வெளியேற்று வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தோடு பாயும் வாயு இந்த அறைகளில் விரிந்தும், தகட்டில் மோதித் திரும்பியும், தன் அதிர்வைத் தானே தணித்துக்கொண்டு வெளியேறுகிறது. இன்றைய வண்டிகளில் இந்த வழியிலேயே இன்னொரு பொருளும் உட்கார்ந்திருக்கிறது: தேன்கூடு போன்ற நுண்ணிய கண்ணறைகளும், அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சும் கொண்ட வினையூக்கி மாற்றி, அதாவது ஒர்க்‌ஷாப்பில் ‘கேட்கான்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் பாகம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.-6 அளவுகோல் இருசக்கர வாகனத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடும், 0.1 கிராம் ஹைட்ரோகார்பனும், 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் மட்டுமே அனுமதிக்கிறது. எஞ்சினின் திறமையால் மட்டும் இந்த அளவை எட்ட முடியாது. வினையூக்கி மாற்றியும், வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிதோறும் அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் உணரியும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்குகின்றன. சந்தையில் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்று விற்கப்படும் மாற்றுக் குழாயை முழுதாக மாட்டுபவர் கழற்றி எறிவது, புதிய வண்டிக்குத் தாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய தூய்மையை. சத்தம் பிடிக்கும் என்பவர்கூடப் புகை பிடிக்கும் என்று சொல்லத் துணிவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே குழாயில் கட்டப்பட்டிருக்கின்றன. வண்டிக்கு ‘பிக்கப்’ கூடுகிறது என்ற சமாதானமும் கூடவே சொல்லப்படும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி கம்பெனி சைலன்சரின் அழுத்தத்தை மனத்தில் வைத்துப் பெட்ரோல் அளவைக் கணக்கிடுகிறது. அதை மறுபடி சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால், கூடுவது பெரும்பாலும் வேகம் போன்ற ஒரு தோற்றமே. காது பெரிதாகக் கேட்பதை உடல் வேகமாக எண்ணிக்கொள்கிறது.

3. சான்று இருக்கிறது என்பது விடையாகுமா? பொதுக்கருத்தின் மிக உறுதியான தூணாகக் கருதப்படும் இது, உண்மையில் மிகவும் மெலிந்த தூண். 115-ஆவது விதிப்படி வண்டி பதிவாகி ஓராண்டு கடந்ததும் எடுக்க வேண்டிய புகைச் சான்றுக்காக நிலையத்தில் நடப்பது இவ்வளவுதான்: வண்டி நின்ற நிலையில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, சைலன்சரின் வாயில் ஒரு குழல் நுழைக்கப்படுகிறது, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன, எண் எல்லைக்குள் இருந்தால் சான்று அச்சாகிறது. 2000 மார்ச் 31-க்குப் பின் தயாரான பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்த எல்லை 3.5 சதவீத கார்பன் மோனாக்சைடும் 4,500 பி.பி.எம். ஹைட்ரோகார்பனும். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. முறுக்கி ஓட்டும்போது என்ன வெளியேறுகிறது என்பது பார்க்கப்படுவதில்லை. சத்தம் அந்தச் சோதனையின் எந்த வரியிலும் இல்லை. சத்தத்தை அளக்காத சான்றைச் சத்தத்துக்குச் சான்றாக நீட்டுவது, ரேஷன் கார்டைக் காட்டி டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது என்று வாதிடுவதற்கு ஒப்பாகும்.

புகையைப் பொறுத்தவரையிலும் அந்தத் தாள் முடிவான சொல் அன்று. 116-ஆவது விதி, சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத போலீஸ் அலுவலரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ, பராமரிப்புக் குறைவாலோ வேறு காரணத்தாலோ வண்டி அளவை மீறுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சான்று இருந்தாலும் மறு சோதனைக்கு அனுப்பலாம் என்கிறது. விதியை இயற்றியவர்கள் சான்று வாங்கிய நாளும் சாலையில் ஓடும் நாளும் வேறு வேறு என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். மாற்று சைலன்சர்களின் வாயில் ‘டிபி கில்லர்’ என்ற சிறு செருகு குழாய் ஒன்று வருகிறது. சத்தத்தை ஓரளவு அடக்கும் அதை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். ஆலன் கீயால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, செருகைச் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு, சோதனைச் சாவடி வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் வண்டிக்காரர்கள் எல்லாரும் அறிந்ததே. தவறு ஏதும் இல்லை என்று உண்மையிலேயே நம்புகிறவருக்கு அந்த ஸ்க்ரூவைத் திருகும் தேவை ஏன் வருகிறது?

4. கிராமத்துச் சாலையில் யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்குத்தான் மிக விரிவாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் பொதுக்கருத்து இங்கே உண்மையை நேர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெசிபல் என்பது நாம் கடையில் எடைபோடும் கணக்கைப் போன்றதன்று. அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது, 20 கூடினால் 100 மடங்காகிறது. 80 டெசிபல் எல்லைக்கு உட்பட்ட ஒரு வண்டியும், சைலன்சர் மாற்றியதால் 100 டெசிபல் எழுப்பும் ஒரு வண்டியும் ஒரே சாலையில் போனால், இரண்டாவது வண்டி முதல் வகை வண்டிகள் 100 ஒன்றாகச் சேர்ந்து எழுப்பும் ஆற்றலைத் தனியே எழுப்புகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கின்படி 240 மீட்டர் தள்ளியுள்ள வீட்டு வாசலில் விதிக்குட்பட்ட வண்டி 50 டெசிபலாகவும், மாற்றிய வண்டி 70 டெசிபலாகவும் கேட்கும். மரமும் சுவரும் இதை ஓரளவு குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள 20 டெசிபல் இடைவெளி அப்படியே நிற்கும்.

இப்போது அந்த வாசலை அருகில் சென்று பார்க்க வேண்டும். நகரத்தில் இரவு 11 மணிக்கும் சாலை ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓசையின் மேல் ஒரு வண்டியின் சத்தம் ஓரளவு கரைந்துபோகும். தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி பூரணாங்குப்பம் வழியாகக் கடலை நோக்கிச் செல்லும்போது அந்தப் பின்னணி ஓசை நிமிடத்துக்கு நிமிடம் அடங்கி, தென்னை ஓலையின் சலசலப்பும் அலையோசையும் மட்டும் மிஞ்சுகின்றன. உறங்குபவரை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமன்று, சுற்றியுள்ள அமைதியிலிருந்து அது எவ்வளவு உயரத் தாவுகிறது என்பதும் சேர்ந்தே எழுப்புகிறது. ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஒரு வண்டி பெரிதாகிறது. ஓட்டுக் கூரையும் ஜன்னல் திறந்த சுவரும் கொண்ட வீடுகளிலும், புழுக்கத்துக்குத் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரிக்கும் சித்திரை வைகாசி இரவுகளிலும், சத்தத்துக்கும் காதுக்கும் இடையே தடுப்பே இல்லை. அடுத்துள்ள கடலோரக் குப்பங்களில் விடியுமுன் படகைத் தள்ளப் போகிறவர் இரவு 8, 9 மணிக்கே படுத்துவிடுகிறார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குத்தான் இரவைத் தொடங்குகின்றன, அவருடைய இரவோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வார இறுதியில் கடற்கரை பார்க்க வெளியூரிலிருந்து கூட்டமாக வரும் வண்டிகளும், அவற்றைப் பார்த்து ஆசைப்பட்ட உள்ளூர் வண்டிகளும் ஓடுவது அந்த நேரத்தில்தான்.

அதே 2000-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதிக்கு 50, 40. இவை ஒரு காலப்பகுதியின் சராசரி அளவுகள் என்பதைப் பிடித்துக்கொண்டு, இரவில் இரண்டு வண்டி போவதால் சராசரி தாண்டிவிடாது என்று சிலர் கணக்குக் காட்டலாம். கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் எந்தக் குழந்தையும் சராசரியால் விழித்துக்கொள்வதில்லை. அந்த ஒரு நொடியின் உச்சத்தால்தான் விழித்துக்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பு 2018-இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் இரவுச் சாலைப் போக்குவரத்து ஒலியை 45 டெசிபலுக்குக் கீழே வைக்கச் சொன்னதற்கு, கலைந்த உறக்கமே காரணமாகக் காட்டப்பட்டது. விழிக்காமல் உறங்குபவரின் உடலும் சத்தத்துக்கு நாடித் துடிப்பை உயர்த்திப் பதில் சொல்கிறது. காலையில் அவருக்கு அது நினைவிருப்பதில்லை, அவ்வளவுதான்.

கிராமத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. புதுச்சேரியின் உள்ளாட்சி மன்றங்களுக்கு 2006-இல் தேர்தல் நடந்து, 2011-இல் பதவிக்காலம் முடிந்த பின் நெடுங்காலம் மறுதேர்தல் நடக்கவில்லை. தெருவின் முறையீட்டைக் கேட்டு எடுத்துச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கூட இல்லாமல் ஆண்டுகள் கழிந்த ஊரில், யாரும் புகார் தரவில்லை என்பதை யாருக்கும் துன்பமில்லை என்பதற்குச் சாட்சியாகக் கொள்வது கொடுமை.

5. சத்தம் உயிர் காக்கிறது என்பவர்கள் எந்த உயிரை, எப்படி என்று விளக்குவதில்லை. சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. சத்தத்தின் பெரும்பங்கு வண்டி கடந்து வந்துவிட்ட சாலையின் மேல் கொட்டப்படுகிறது. ஆபத்து வருவதோ முன்னாலிருந்து. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, விபத்துக்குக் காரணமான இடர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுபவரின் நேர் முன்னே, இரு பக்கமும் 45 பாகைக்குள்ளேயே இருந்தன என்று கண்டது. முன்னிருப்பவருக்குத் தெரிவிக்க வண்டியில் ஹாரனும் முகப்பு விளக்கும் இருக்கின்றன. தலையைக் காக்க ஹெல்மெட் இருக்கிறது. உயிர் காக்கச் சத்தம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போகிறவரின் வாதத்தில் உயிரைப் பற்றிய கவலை எங்கே இருக்கிறது?

சத்தம் உயிர் காத்த கதை ஒன்று இந்தக் கடற்கரைக்கே சொந்தமாக உண்டு. அதை இங்கே நினைவுகூர்வது தகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பற்றி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்ததும், பூரணாங்குப்பத்துக்கு அருகிலுள்ள நல்லவாடு கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அது ஊருக்கு அறிவிக்கப்பட்டு, மக்கள் கரையை விட்டு வெளியேறித் தப்பினர். சத்தத்துக்குப் பொருள் இருந்ததாலும், காலை அமைதியில் எல்லார் காதிலும் அது விழுந்ததாலும்தான் அந்த ஒலிபெருக்கி வேலை செய்தது. ஊரின் அமைதி ஒரு பொதுச் சொத்து. தேவைப்படும் நேரத்தில் ஒரு குரல் கேட்க வேண்டுமானால் மற்ற நேரத்தில் அது காக்கப்பட்டிருக்க வேண்டும்.

6. சத்தமே புல்லட் மோட்டார் சைக்கிளின் மரபு என்று சொல்லும் வாதம் அன்பிலிருந்து வருவதால் மதிப்போடு அணுகத் தக்கது. 1955-ஐ ஒட்டி சென்னைத் திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த வண்டியின் துடிப்போசை பல தலைமுறைத் தமிழர்களின் நினைவில் இருக்கிறது. அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது? 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நீண்ட ஸ்ட்ரோக் சிலிண்டரும், கனத்த ஃப்ளைவீலும், குறைந்த சுழற்சியில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே எண்ணும்படி கேட்கச் செய்தன. தாளத்தின் அழகு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் இருந்தது. சத்தத்தின் பருமனில் இருக்கவில்லை. அதே வண்டியில் தடுப்புத் தகடில்லாத ‘பஞ்சாப்’ சைலன்சரை மாட்டினால் கேட்பது அந்த மரபின் ஓசையன்று, உள்ளே இருக்க வேண்டிய தகடுகள் இல்லாத வெறுமையின் ஓசை. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2021 ஜூலையில் மாற்றியமைத்த சைலன்சர்களின் இரைச்சலைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டபோது, புல்லட்டின் பெயரும் அந்த உத்தரவில் இடம்பெற்றது. வண்டியை உண்மையில் நேசிப்பவர்களுக்கு அது வருத்தம் தரும் செய்தி.

7. மற்றவர்களைப் பிடித்துவிட்டு வரட்டும் என்பது வாதமே அன்று. ஏர் ஹாரனை 119-ஆவது விதி தடுக்கிறது. ஒலிபெருக்கிக்கு அனுமதியும் நேர வரம்பும் உண்டு. அவை மீறப்படுவது அவற்றை இன்னும் கடுமையாகப் பிடிக்கக் காரணமாகுமே தவிர, பைக்கை விடக் காரணமாகாது. அபராதம் வசூலுக்காகவே என்பதற்கு விடை இன்னும் சுருக்கமானது: கம்பெனி சைலன்சரோடு ஓடும் வண்டி இந்தக் கணக்கில் அரசுக்கு ஒரு ரூபாயும் கட்டத் தேவையில்லை.

8. விற்பவரை விட்டுவிட்டு வாங்கியவரைப் பிடிப்பது நியாயமா? இந்த ஒரு வாதத்தில் உண்மை கணிசமாக இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, பாகங்களை விற்பவரைப் பற்றிப் பேசும்போது மத்திய அரசு அறிவித்த முக்கியப் பாதுகாப்புப் பாகங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் தடையை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று தெளிவாக விதிக்கிறது. சைலன்சர் விற்பனைக்கும் அதே தெளிவோடு ஒரு விதி வேண்டும். ஐரோப்பாவில் ஒப்புதல் முத்திரை பொறித்த மாற்று சைலன்சர்கள் சட்டப்படி கிடைக்கின்றன. பழுதான சைலன்சருக்கு மாற்றுத் தேடும் உரிமையாளருக்கு அப்படியொரு நேர்வழி இங்கும் திறக்கப்பட வேண்டும். பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலரால் நசுக்கிப் படமெடுக்கும் வழக்கம் பல நகரங்களில் இருக்கிறது. அந்தக் காட்சியைவிட, புகைச் சான்று நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிமானியை வைப்பது பயன் தரும். பிரான்ஸ் நாட்டின் வண்டிப் பதிவுச் சான்றில் யு.1 என்ற கட்டத்தில் அந்த வண்டி நின்ற நிலையில் எழுப்பும் ஒலியின் அளவு எழுதப்பட்டிருக்கிறது. சாலையில் நிறுத்தும் அலுவலர் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட்டால் வாக்குவாதத்துக்கே இடமிருக்காது. பிரெஞ்சு நிர்வாகத்தின் கொம்யூனை இன்றும் பெயரோடு வைத்திருக்கும் புதுச்சேரிக்கு இதை முயன்று பார்ப்பது எளிது.

ஆனால் விற்பவரின் குற்றம் வாங்கியவரின் கடமையை அழிப்பதில்லை. 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒலிக்கும் காற்று மாசுக்குமான அளவுகளை மீறும் வண்டியை ஓட்டுபவரோடு, ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே தண்டிக்கிறது: முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, அதனுடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 18 வயது நிறையாத மகன் ஓட்டிக் குற்றம் செய்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க முடியாத பெற்றோருக்கும் உரிமையாளருக்கும் 199ஏ பிரிவு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஆர்.சி. புக்கில் பெயர் இருப்பவர் தந்தை என்றால், இரவு 11 மணிக்கு தவளக்குப்பம் சாலையில் முறுக்கப்படும் ஆக்சிலேட்டரில் சட்டத்தின் கண்ணுக்கு அவர் கையும் இருக்கிறது.

கழற்றிய கம்பெனி சைலன்சர் பழைய இரும்புக்குப் போகாமல் வீட்டுப் பரணிலோ மெக்கானிக் ஷெட்டின் மூலையிலோ கிடக்குமானால், அதை இந்த வாரமே எடுத்துவந்து பொருத்தும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஷெட்டில் அது அரை மணி நேர வேலை.